மைக் ட்ரவுட்டைத் தேர்ந்தெடுத்தவரின் வேலை ஏன் போனது?

2010 சீசன் முடியும் தறுவாயில் அமெரிக்க பேஸ்பாலில் ஒரு சின்னச் செய்தி வந்தது. ஏஞ்சல்ஸ் அணி தன் ஸ்கவுட்டிங் டைரக்டர் எடி பேனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2007, 2008, 2009 என்று மூன்று வருஷம் தொடர்ந்து தன் டிவிஷனில் முதலிடம் பிடித்த அணி, அந்த வருஷம் 80 ஆட்டம் ஜெயித்து 82-ல் தோற்றிருந்தது. யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்ற மனநிலை. களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் தன் இடத்திலேயே இருந்தார், ஆட்களை வாங்கி விற்கும் பொது மேலாளரும் இருந்தார், வீட்டுக்குப் போனது புதிய ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கும் துறையின் தலைவர்.

அவர் கிளம்பிய நேரத்தில், அவர் தேர்ந்தெடுத்திருந்த ஒரு 19 வயதுப் பையன் மைனர் லீக்கின் (மேஜர் லீக் என்ற உச்ச நிலைக்குத் தயார்செய்யும் போட்டிகள்) கீழ்ப்படிகளில் ஆடிக்கொண்டிருந்தான். பெயர் மைக் ட்ரவுட். மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூட அவன் சந்தித்திருக்கவில்லை. 2011 ஜூலை 8-ல் முதல் ஆட்டம், 2012-ல் சிறந்த புதுமுக விருது. அப்புறம் 2014, 2016, 2019 என மூன்று முறை, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2019-ல் அதே ஏஞ்சல்ஸ் அணி அவரோடு 12 ஆண்டுக்கு 426.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டபோது, வட அமெரிக்க விளையாட்டில் அதுவரை யாருக்கும் அவ்வளவு பெரிய தொகை கிடைத்ததில்லை.

இதை வெறும் நன்றிகெட்ட கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வேலையின் அமைப்பே இப்படி: இன்று செய்த வேலைக்கான மார்க் நாலைந்து வருஷம் கழித்துத்தான் வரும். அதுவரை நாற்காலி இருக்குமா என்பது வேறு யாரோ முடிவு செய்கிற விஷயம். பேனின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் அது எப்படி நடக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும்.

முதலில் டிராஃப்ட் என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குத் தெரிந்தது ஐபிஎல் ஏலம்: பணம் வைத்திருப்பவர் கையைத் தூக்குவார், வீரர் போவார், அடுத்த சீசனிலேயே ஆடுவார். பேஸ்பால் டிராஃப்டில் ஏலமே கிடையாது. 30 அணிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொன்ன அணியைத் தவிர வேறு யாரும் அந்த வருஷம் அந்தப் பையனோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னிடம். இப்போது மேல்வரிசை இடங்களுக்குக் குலுக்கல் வந்துவிட்டது. பேனின் காலத்தில், 2005 முதல், நேராகக் கடைசியில் வந்த அணிக்கே முதலிடம். 1965-ல் தொடங்கிய முறை இது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரீகோவில் பள்ளிப்படிப்பு முடித்தவர்களும், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடித்த அல்லது 21 வயதை எட்டியவர்களும் இதற்குள் வருவார்கள். டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் வேறு வழியில் வருகிறார்கள். பெரும்பாலான அணிகளில் அதற்குத் தனி டைரக்டர் உண்டு.

தேர்வான பையன் உடனே டிவியில் வரமாட்டான். மைனர் லீக்கில் படிப்படியாக ஏற வேண்டும், அதற்கு மூன்று, நான்கு, சில சமயம் ஆறு வருஷம் ஆகும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களிலேயே கணிசமானவர்கள் மேஜர் லீக்கைப் பார்க்காமல் போகிறார்கள். கூடைப்பந்திலும் அமெரிக்கன் ஃபுட்பாலிலும் டிராஃப்ட் முடிந்த சில மாதங்களில் பையனின் தரம் ஊருக்கே தெரிந்துவிடும். இங்கே தெரியாது. டைரக்டருக்கும் தெரியாது என்பதுதான் விசேஷம்.

அவர் தனியாக முடிவெடுப்பதும் இல்லை. அடியில் ஏரியா ஸ்கவுட்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று மாநிலம் இருக்கும். காரிலேயே வாழ்பவர்கள் என்று சொன்னால் மிகையில்லை. எந்தப் பள்ளியில் யார் வேகமாக வீசுகிறான், எந்தப் பையனுக்கு முழங்கையில் வலி, எந்த அப்பா படிப்பை விட சம்மதிக்க மாட்டார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. இவர்கள் நல்லது என்று எழுதுவதைச் சரிபார்க்க மேலே கிராஸ்செக்கர்கள், அவர்களுக்கு மேலே டைரக்டர். ஜனவரி கடைசியிலிருந்து டிராஃப்ட் வரை டைரக்டர் வீட்டில் இருப்பது அபூர்வம். ஏரியா ஸ்கவுட் ஒரு பையனை இருபது தடவை பார்த்திருப்பார், டைரக்டர் இரண்டு தடவை. அந்த இரண்டில் ஒன்றில் மழை பெய்யும்.

எல்லோரும் பேசும் மொழி ஒன்றுதான்: 20-லிருந்து 80 வரை போகிற ஒரு அளவுகோல். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 80 என்றால் தலைமுறைக்குச் சிலர். பேட்டராக இருந்தால் பந்தைச் சரியாகத் தொடும் திறன், தூக்கி அடிக்கும் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிகை என்று ஐந்துக்கும் தனித்தனி மார்க். ஓட்டத்தை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும்: வலது கை பேட்டர் அடித்த இடத்திலிருந்து முதல் பேஸுக்கு (ஓடித் தொட வேண்டிய முதல் நிலை) 4.3 நொடியில் போனால் சராசரி. மற்றது எல்லாம் கண். 17 வயதில் 75 கிலோ இருக்கும் பையன் 25 வயதில் எவ்வளவு இருப்பான், அப்போது இந்த ஓட்டம் மிஞ்சுமா, இந்த மட்டை வேகம் ஏறுமா என்று யோசித்து எதிர்காலத்துக்கும் ஒரு மார்க் போட வேண்டும். சம்பளம் அந்த இரண்டாவது மார்க்குக்குத்தான்.

சரி, எடி பேன் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தார்?

அவரும் டிராஃப்டில் வந்தவர்தான், அதுவும் கொஞ்சம் விசித்திரமாக. அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இடது கை பிட்சர், அதாவது பந்து வீசுபவர். உயரம் ஆறடிக்கு நன்றாகக் கீழே. 1973-ல் மின்னசோட்டா ட்வின்ஸ் அவரை முதல் சுற்றில் 11-வது ஆளாக எடுத்தது. அந்த அணிக்கு மைதானத்தில் கூட்டம் வேண்டியிருந்தது. மைனர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல், ஜூலை 4-ம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, நேராக மேஜர் லீக்கில் இறக்கினார்கள். 45,000-க்கும் அதிகமான பேர் வந்தார்கள். பையன் நன்றாகத்தான் வீசினான். ஆனால் அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. 1976-க்குப் பின் அவர் மேஜர் லீக்கில் ஆடவில்லை. பிட்சரின் பெயரில் எழுதப்படும் மொத்தக் கணக்கு 7 வெற்றி, 13 தோல்வி.

அதே 1973 டிராஃப்டின் முதல் ஆள் டேவிட் கிளைட், 18 வயதுப் பள்ளிப் பையன். டெக்ஸஸ் ரேஞ்சர்ஸும் இதே காரணத்துக்காக அவனை நேராக மேஜர் லீக்கில் நிறுத்தியது, அவனும் கருகினான். நாலாவதாகப் போன டேவ் வின்ஃபீல்டும் மைனர் லீக் பார்க்காமலேயே வந்தவர். அவர் பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஒரே வருஷம், ஒரே அவசரம், மூன்று விதமான முடிவு. தன் உடம்பிலேயே இந்தப் பாடத்தைப் படித்த ஒருவர் பின்னாளில் மற்றவர்களின் பையன்களைத் தேர்வு செய்யும் இடத்துக்கு வருவது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. அது அவரை நல்ல டைரக்டர் ஆக்கியது என்று நிரூபிக்க முடியாது. ஆட்டத்தை விட்டபின் பயிற்சி, ஸ்கவுட்டிங் என்று பல அணிகளில் வேலை பார்த்து, 2003 சீசனுக்குப் பிறகு ஏஞ்சல்ஸின் ஸ்கவுட்டிங் டைரக்டர் ஆனார்.

பணம் எங்கே இருக்கிறது என்பதும் திறமைதான்

2004 ஜூன் அவருடைய முதல் டிராஃப்ட். அந்த ஒரு டிராஃப்டைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் காலத்து டைரக்டரின் வேலையில் பாதி புரிந்துவிடும்.

முதல் சுற்றில் 12-வதாக ஜெரட் வீவர். லாங் பீச் ஸ்டேட் கல்லூரியின் பிட்சர், அந்த வருஷம் கல்லூரி பேஸ்பாலில் அவரைப்போல் யாரும் வீசவில்லை. அப்படிப்பட்டவர் ஏன் 12 வரை மிஞ்சினார்? ஏஜென்ட் ஸ்காட் போராஸ். கேட்கப்போகும் தொகையை நினைத்தே பல அணிகள் விலகிப்போயின. ஏஞ்சல்ஸ் எடுத்தது. பேச்சு கிட்டத்தட்ட ஒரு வருஷம் இழுத்தது. 2005 மே கடைசியில், இனி விட்டால் அடுத்த டிராஃப்டுக்குப் போய்விடுவார் என்ற நிலையில், 4 மில்லியன் டாலருக்குக் கையெழுத்தானது. 2006-ல் மேஜர் லீக்குக்கு வந்த வீவர் ஒரு தோல்விகூட இல்லாமல் முதல் ஒன்பது வெற்றியைத் தொட்டார்.

14-வது சுற்றில் நிக் ஏடன்ஹார்ட். மேரிலாந்துப் பள்ளிப் பையன், அந்த வருஷத்தின் சிறந்த பள்ளி பிட்சர்களில் ஒருவன் என்று பேசப்பட்டவன். டிராஃப்டுக்குச் சில வாரம் முன்னால் முழங்கைத் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருஷம் போச்சு. எல்லா அணிகளின் பட்டியலிலும் பெயர் சரிந்தது. கல்லூரிக்குப் போய்விடுவான் என்றே நினைத்தார்கள். ஏஞ்சல்ஸ் 14-வது சுற்றில் பெயரைச் சொல்லி, 7,10,000 டாலர் கொடுத்து, சிகிச்சையையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கூட்டிவந்தது. 18-வது சுற்றில் மார்க் ட்ரம்போ, பக்கத்து ஊர்ப் பையன். கல்லூரிக்குப் போகிறேன் என்றவனுக்கு 14 லட்சம் டாலருக்கும் மேல். 18-வது சுற்றில் சாதாரணமாக அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ட்ரம்போ 2011-ல் ஏஞ்சல்ஸுக்கு 29 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி வேலிக்கு அப்பால் போகும் அடி) அடித்தார். 2016-ல் பால்டிமோரில் 47 அடித்து இரண்டு லீக்கிலும் முதலிடம்.

இது அப்போது சட்டத்துக்கு உட்பட்ட தந்திரம். எந்த இடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கமிஷனர் அலுவலகம் ஒரு தொகையைப் பரிந்துரைக்கும். மீறினால் முகச்சுளிப்பு உண்டு, தண்டனை கிடையாது. ஆகவே மற்றவர்கள் பயந்து விட்ட பையனைப் பின் சுற்றில் எடுத்துவைத்துவிட்டு, கோடைக்காலம் முழுக்க அவன் எப்படி ஆடுகிறான், கை தேறுகிறதா என்று பார்த்து, பிறகு முதலாளியிடம் போய்ப் பணம் கேட்கலாம். ஸ்கவுட்டின் கண் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் முதலாளியின் அறைக்குள் போய் ஆமாம் வாங்கி வரும் வாய். இந்த இரண்டாவது திறமையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஏடன்ஹார்டின் கதை எல்லாருக்கும் தெரிந்த துயரத்தில் முடிந்தது. 2009 ஏப்ரல் 8 இரவு ஓக்லண்டுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசினார். சில மணி நேரத்தில், குடித்துவிட்டு ஓட்டிவந்த ஒருவனின் வண்டி மோதி இறந்தார். 22 வயது. ஐந்து வருஷம் காத்திருந்து வளர்த்த பையன். அந்தத் துறைக்காரர்கள் அதற்கடுத்த டிராஃப்டுக்கு உட்கார்ந்தது சரியாக இரண்டு மாதம் கழித்து.

நடுவில் 2007-ம் 2008-ம் பேனுக்கு மெலிந்த வருஷங்கள். அதில் அவர் கண்ணின் குறை கொஞ்சம்தான். வேறு அணியின் பெரிய ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்தால், தன் முதல் சுற்று இடத்தை அந்த அணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஏஞ்சல்ஸ் 2006 கடைசியில் கேரி மேத்யூஸ் ஜூனியரை வாங்கியது, 2007-ன் முதல் சுற்று போனது. அடுத்த வருஷம் டோரி ஹன்டர், 2008-ன் முதல் சுற்றும் போனது. 2007-ல் மூன்றாம் சுற்றில் மேட் ஹார்வி என்ற பள்ளி பிட்சரைப் பேன் எடுத்தார். தொகை ஒத்துவராமல் அவன் கல்லூரிக்குப் போனான், பிறகு நியூயார்க் மெட்ஸின் நட்சத்திரமானான். பேப்பரில் பார்த்தால் இதெல்லாம் டைரக்டரின் கணக்கில் பூஜ்யம்.

25-வது இடம் யாருடையது?

2008 சீசன் முடிந்ததும் விதி திரும்பி அடித்தது. இந்த முறை ஏஞ்சல்ஸிலிருந்து ஆட்கள் போனார்கள். ஒரே சீசனில் 62 சேவ் (கடைசியில் வந்து வீசி வெற்றியைக் காப்பாற்றுவது) எடுத்துச் சாதனை படைத்த பிரான்சிஸ்கோ ராட்ரிகஸ் மெட்ஸுக்கு. மார்க் டெஷேரா எட்டு ஆண்டு, 180 மில்லியன் டாலருக்கு யாங்கீஸுக்கு. ஈடாக மெட்ஸின் 24-வது இடமும் யாங்கீஸின் 25-வது இடமும் ஏஞ்சல்ஸுக்கு வந்தன. கூடவே இரண்டுக்கும் முதல் சுற்று முடிந்த உடனே தலா ஒரு கூடுதல் இடம்.

இந்த 25-வது இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். யாங்கீஸ் அந்தக் குளிர்காலத்தில் டெஷேராவை மட்டும் வாங்கவில்லை, மில்வாக்கியிலிருந்து சி.சி. சபாத்தியாவையும் டொரான்டோவிலிருந்து ஏ.ஜே. பர்னெட்டையும் வாங்கியது. மூன்று அணிக்கும் ஈடு கொடுக்க வேண்டும், இருப்பதோ ஒரே முதல் சுற்று. யாருக்கு? எலியாஸ் என்ற புள்ளிவிவர நிறுவனம் ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படுத்தும், அதில் மேலே இருப்பவரை இழந்த அணிக்கே முதல் உரிமை. டெஷேரா சபாத்தியாவைவிட மயிரிழையில் மேலே இருந்தார். மில்வாக்கிக்குக் கிடைத்தது யாங்கீஸின் இரண்டாம் சுற்று, டொரான்டோவுக்கு மூன்றாம் சுற்று. ஏதோ ஒரு கணக்குத் தாளில் தசமப் புள்ளி கொஞ்சம் நகர்ந்திருந்தால் 25-வது பெயரைச் சொல்லும் உரிமையே ஏஞ்சல்ஸுக்கு இருந்திருக்காது. ஸ்கவுட்டிங் மேதைமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள்.

ஆனால் இடம் கிடைப்பது வேறு, அங்கே சரியான பெயரைச் சொல்வது வேறு.

நியூ ஜெர்சியின் தெற்குப் பகுதியில் மில்வில் என்று ஒரு சிற்றூர், ஒரு காலத்தில் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போனது. ட்ரவுட் அந்த ஊர்ப் பள்ளியில் ஆடினான். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா பையன்கள் வருஷம் முழுக்க வெயிலில் ஆடுவார்கள். வடகிழக்கில் மார்ச் கடைசி வரை குளிர், அப்புறம் மழை, பள்ளி சீசனில் ஆட்டங்களே குறைவு. எதிரே வீசுகிறவன் பெரும்பாலும் அடுத்த வருஷம் கல்லூரியில் கணக்குப்பதிவியல் படிக்கப்போகிற பையன். அப்படிப்பட்டவன் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் அதற்கு என்ன மார்க் போடுவது? ட்ரவுட் கடைசி வருஷம் 18 ஹோம் ரன் அடித்து மாநிலச் சாதனை வைத்தான். பல ஸ்கவுட்கள் அதைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்கள். நல்ல பிட்சர் கிடைத்தாலும் அவனுக்கு நேராகப் பந்து போடமாட்டார்கள், வேண்டுமென்றே விலக்கி வீசி, அடிக்காமலேயே முதல் பேஸுக்கு அனுப்பிவிடுவார்கள். டைரக்டர் விமானம் ஏறி, கார் எடுத்து, மில்வில் வந்து சேர்ந்தால், பையன் மட்டையைச் சுழற்றுவதையே சரியாகப் பார்க்காமல் திரும்பும் நிலை.

அங்கேதான் ஏரியா ஸ்கவுட் வருகிறார். ஏஞ்சல்ஸுக்கு வடகிழக்கைப் பார்த்தவர் கிரெக் மோர்ஹார்ட். மைக்கின் அப்பா ஜெஃப் ட்ரவுட்டும் இவரும் 1980-களில் மின்னசோட்டா ட்வின்ஸின் மைனர் லீக்கில் ஒன்றாக ஆடியவர்கள். மற்ற அணிகளின் ஸ்கவுட்கள் ஒரு பையனைப் பார்த்தார்கள். இவர் ஒரு குடும்பத்தைப் பார்த்தார். அப்பாவின் உடல்வாகு தெரியும், ஆட்டம் தெரியும், வீட்டின் போக்கு தெரியும். பையன் முதல் பேஸுக்கு 4 நொடிக்குள் ஓடுகிறான், அந்தத் தோளும் காலும் வைத்துக்கொண்டு. மோர்ஹார்ட் கொடுத்த மதிப்பீடு அபாரமாக இருந்தது.

அப்படி ஒரு அறிக்கை மேசைக்கு வரும்போது டைரக்டர் என்ன செய்ய வேண்டும்? இதுதான் முழு வேலையின் நடு முடிச்சு. ஒவ்வொரு ஏரியா ஸ்கவுட்டும் தன் பையனைக் கொஞ்சம் தூக்கித்தான் எழுதுவார், காதல் அப்படி. யாருடைய 60 உண்மையில் 50, யாருடைய 60 உண்மையில் 65 என்பதை டைரக்டர் வருஷக்கணக்கில் பழகித் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பேன் மோர்ஹார்டை நம்பினார். தானும் போய்ப் பார்த்தார். தன் பட்டியலில் ட்ரவுட்டை மிக உயரத்தில் வைத்தார். அந்த வருஷத்தின் முதல் ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை: சான் டியேகோ ஸ்டேட்டின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அடுத்து ட்ரவுட்தான் என்று பேன் பின்னாளில் சொன்னார். முடிந்த பின் சொல்வது எளிது என்பீர்கள்; நியாயம்தான்.

2009 ஜூன் 9. நியூ ஜெர்சியிலேயே செகாகஸ் ஊரில் டிவி ஸ்டூடியோவில் டிராஃப்ட். அழைக்கப்பட்டவர்களில் நேரில் வந்து உட்கார்ந்த ஒரே ஆட்டக்காரன் ட்ரவுட். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. வாஷிங்டன் 1-லும் 10-லும், அரிசோனா 16-லும் 17-லும் அடுத்தடுத்து வேறு ஆட்களை எடுத்தன. மொத்தம் 21 அணிகள் அவனைத் தாண்டிப் போயின. 24-ல் ஏஞ்சல்ஸ்: ராண்டல் கிரிச்சக், டெக்ஸஸ் பையன். அடுத்தடுத்த இரண்டு இடமும் கையில் இருக்கும்போது வரிசை ஒரு பொருட்டே இல்லை. 25-ல் ட்ரவுட். 12,15,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டான்.

ட்ரவுட் மட்டும் இல்லை. 40-ல் டைலர் ஸ்காக்ஸ், 42-ல் காரெட் ரிச்சர்ட்ஸ், இரண்டாம் சுற்றில் பேட்ரிக் கார்பின். ஐந்து பேரும் மேஜர் லீக்கில் நிலைத்தார்கள். ஒரு அணி ஒரே டிராஃப்டில் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை எடுத்தாலே கொண்டாடுவார்கள்.

அடுத்த வருஷத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது புகழ்பாட்டாகிவிடும். 2010-ல் முதல் 40 இடங்களுக்குள் பேனுக்கு ஐந்து இடம்: 18, 29, 30, 37, 40. எடுத்த ஐந்து பேரில் இருவர் மட்டுமே மேஜர் லீக்கை எட்டினார்கள், இருவரும் நட்சத்திரமாகவில்லை. அந்த டிராஃப்டின் சிறந்த ஆள் எட்டாவது சுற்றில் வந்தார்: அரிசோனா ஸ்டேட்டின் கோல் கல்ஹூன். கல்லூரியில் கடைசி வருஷத்தையும் முடித்துவிட்டதால் பேரம் பேச அவரிடம் ஒன்றும் இல்லை, சொற்பத் தொகைக்கு வந்தார். 2015-ல் ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் வாங்கினார். முதல் ஐந்தில் காட்டாத கண்ணை எட்டாவது சுற்றில் காட்டினார் என்று இதைப் படிக்கலாம். எந்த டைரக்டரின் பட்டியலும் இப்படித்தான் இருக்கும் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது பக்கம்.

யார் மார்க் போடுவது?

2010 செப்டம்பரில் ஏஞ்சல்ஸ் நிர்வாகம் பேனைப் பார்த்தபோது அதன் கையில் என்ன இருந்தது? 2005, 2006 முதல் தேர்வுகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 2007, 2008-ல் முதல் சுற்றே இல்லை. அதை விற்றது நிர்வாகம்தான். 2009 ஆட்கள் மைனர் லீக்கில். ட்ரவுட் அந்த வருஷம் கீழ் நிலைகளில் .341 என்ற உயர்ந்த பேட்டிங் சராசரியில் அடித்திருந்தான், நாடு முழுக்கப் பேச்சாகியிருந்தான், ஆனால் மேலே வந்து ஜெயித்துக் கொடுக்கவில்லை. ஸ்காக்ஸும் கார்பினும் அந்தக் கோடையிலேயே டான் ஹேரன் என்ற பிட்சருக்கு ஈடாக அரிசோனாவுக்குப் போய்விட்டார்கள். கார்பின், சாம்பியனை முடிவு செய்யும் 2019 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை வாஷிங்டனுக்காக ஜெயித்துக் கொடுத்தார். டைரக்டர் கண்டெடுத்ததை இன்னொருவர் விற்கலாம். விற்ற பிறகு அது கண்டெடுத்தவர் கணக்கில் இருக்குமா? எந்த அலுவலகத்திலும் இதற்குத் தெளிவான பதில் கிடையாது.

பொது மேலாளரின் தவறு உடனே தெரியும். பயிற்சியாளரின் தவறு அன்று இரவே தெரியும். ஸ்கவுட்டிங் டைரக்டரை மட்டும் இன்றைய அணியின் தோல்விக்காக நீக்குகிறார்கள், இன்றைய அணியை உருவாக்கியது நாலைந்து வருஷத்துக்கு முந்தைய முடிவுகள் என்று தெரிந்தும்.

இதற்கு எதிர்ப்பக்கம் நியூயார்க்கில் இருக்கிறது. யாங்கீஸின் ஸ்கவுட்டிங்கை 2005 முதல் கவனிப்பவர் டேமன் ஓப்பன்ஹைமர். 2009-ல் அவருக்கும் ட்ரவுட் மேல் கண் இருந்தது. தங்கள் 25-ஐ டெஷேராவுக்காகக் கொடுத்துவிட்டு 29-க்காகக் காத்திருந்தார்கள், நாலு இடத்தில் கை நழுவியது. எடுத்த ஸ்லேட் ஹீத்காட் காயங்களோடு போராடி மேஜர் லீக்கில் சில ஆட்டங்கள் மட்டும் ஆடினார். ஓப்பன்ஹைமரை நீக்கவில்லை. 2013-ல் யாங்கீஸுக்கு முதல் சுற்றில் 26, 32, 33 கிடைத்தன. 26-ல் எரிக் ஜாகியெலோ, மேஜர் லீக்குக்கு வரவே இல்லை. நிக் ஸ்விஷர் கிளீவ்லண்டுக்குப் போனதற்கு ஈடாக வந்த 32-ல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் இரண்டு மீட்டர் உயரப் பையன் ஒருவன்: ஆரன் ஜட்ஜ். 2022-ல் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனை படைத்தவர். ஜட்ஜ் முதல் ஆட்டம் ஆட மூன்று வருஷம் ஆனது. ஓப்பன்ஹைமர் அப்போதும் அதே நாற்காலியில் இருந்தார். முதலில் எடுத்தவனைத் தாண்டி, அடுத்து எடுத்தவன் சிகரம் தொட்டது இரண்டு இடத்திலும் நடந்தது. வித்தியாசம் கண்ணில் இல்லை, முதலாளியின் பொறுமையில்.

பேனின் தந்திரங்களில் சில இன்று செல்லாது. 2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் டிராஃப்ட் பணத்துக்கு மொத்த வரம்பு வந்தது. 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த வருஷத்தின் முதல் சுற்றே பறிபோகும். 18-வது சுற்றில் ட்ரம்போவுக்கு அள்ளிக் கொடுத்ததுபோல் கொடுப்பது இன்று அவ்வளவு எளிதில்லை. இப்போது சுற்றுகளே 20 தான், அன்று 50. வேறு அணியின் ஆளை வாங்கினால் முதல் சுற்று அந்த அணிக்கே போகும் விதியும் ஒழிந்தது. இன்றைய சட்டப்படி யாங்கீஸின் 25-வது இடம் ஏஞ்சல்ஸுக்கு வந்திருக்காது. பந்தின் சுழற்சியையும் மட்டையின் வேகத்தையும் கருவி அளந்து சொல்கிறது, மில்வில் மாதிரி ஊரில் ஒரு ட்ரவுட் இன்று 25 வரை மிஞ்சுவது கடினம். கருவிகள் வந்ததும் பல அணிகள் ஏரியா ஸ்கவுட்களைக் குறைத்தன. ஜெஃப் ட்ரவுட்டின் பழைய சகா யார் என்பது எந்தக் கருவியிலும் பதிவாகாது என்று பழையவர்கள் முணுமுணுக்கிறார்கள், அதில் விஷயம் இருக்கிறது.

பேன் பிறகு டெட்ராய்ட் டைகர்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்று மற்ற அணிகளுக்கு ஆள் பார்க்கப் போனார். ஏஞ்சல்ஸ் 2011 டிசம்பரில் ஆல்பர்ட் புஹோல்ஸை 240 மில்லியன் டாலருக்கும் சி.ஜே. வில்சனை 77.5 மில்லியனுக்கும் வாங்கியது. அதனால் 2012 டிராஃப்டில் முதல் இரண்டு சுற்றும் இல்லை. அடுத்து ஜாஷ் ஹாமில்டன். 2013-ன் முதல் சுற்றும் போனது. ட்ரவுட்டுக்குப் பக்கத்தில் நிறுத்த அடுத்த தலைமுறையைத் தேடவேண்டிய வருஷங்களில், பேனுக்கு அடுத்து வந்த டைரக்டருக்கு மூன்றாம் சுற்று வரை பெயர் சொல்லும் வாய்ப்பே இல்லாமல் ஒரு ஜூன் கழிந்தது. ட்ரவுட் இருந்தும் ஏஞ்சல்ஸ் பிளே-ஆஃபுக்குப் போனது 2014-ல் ஒரே ஒரு தடவை. அதிலும் கன்சாஸ் சிட்டியிடம் மூன்று ஆட்டமும் தோற்று வெளியேறியது.